ஃபோர்ட்ரானிலிருந்து சைத்தனுக்கு மாற்றிய நிரல் மெதுவாக ஓடுகிறது: கம்பைல் ஆன பகுதிக்குள் எப்படிப் பார்ப்பது?

நிலத்தடி_நீர் கேட்டது:

வணக்கம். நிலத்தடி நீரோட்டத்தைக் கணிக்கும் இருபரிமாண நிரல் ஒன்றை எங்கள் ஆய்வுக்குழு பல ஆண்டுகளாக ஃபோர்ட்ரானில் பராமரித்து வந்தது. புதிதாகச் சேரும் மாணவர்கள் பைத்தனிலும் அதன் எண் அணி நூலகமான நம்பையிலும்தான் பழகியிருக்கிறார்கள் என்பதால், அதன் மையக் கணக்கீட்டை மட்டும் சைத்தனுக்கு (பைத்தன் பாணி நிரலைச் சி நிரலாக்கும் மொழிக்கு) மாற்றி, நம்பை அணிகளை நேரடியாக எடுத்துக்கொள்ளும் நீட்சியாகக் கம்பைல் செய்திருக்கிறேன். முறை மிக எளியது. ஒவ்வொரு காலப்படியிலும், ஒவ்வொரு கட்டத்தின் புதிய நீர்மட்ட இறக்கத்தை அதன் பழைய மதிப்பிலிருந்தும் நான்கு அண்டைக் கட்டங்களின் மதிப்புகளிலிருந்தும் கணிக்கிறோம். இரு கட்டங்களுக்கு இடையேயான கடத்துத்திறனுக்கு வழக்கம்போல் இசைச் சராசரியை எடுக்கிறோம். ஆகவே கட்டத்துக்கு நான்கு வகுத்தல்கள் வருகின்றன. இறக்கம் தொடக்கத்தில் எங்கும் சுழியம். நடுவில் ஒரு கிணறு நீரை இறைக்கிறது.

விடைகள் பழைய நிரலோடு ஒத்துப்போகின்றன, வேகம்தான் ஒத்துப்போகவில்லை. பைத்தனின் நேர அளவீட்டுக் கருவியான சி-ப்ரொஃபைல் கொண்டு பார்த்தால் ஏறத்தாழ முழு நேரமும் அந்த ஒரே அழைப்பில் போகிறது என்று மட்டும் காட்டுகிறது. அதற்குள் எந்த வரி நேரத்தைத் தின்கிறது என்று தெரியவில்லை. இரண்டு விஷயங்கள் எனக்குப் புரியவே இல்லை. முதலாவது, 4096×4096 அளவுள்ள வலை, அதைவிடப் பெரிய 4100×4100 வலையைவிடத் தெளிவாக மெதுவாக ஓடுகிறது. இரண்டாவது, ஒரு காலப்படிக்கு ஆகும் நேரம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு. ஆனால் சில நூறு படிகள் கடந்தபின் அது மெல்ல மெல்ல ஏறத் தொடங்குகிறது. சிறிய வலைகளில் இந்த ஏற்றம் இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

கம்பைலர் ஜிசிசி, இயங்குதளம் லினக்ஸ், செயலி இன்டெல். மிதவைப் புள்ளிக் கணக்கின் விதிகளைத் தளர்த்தும் ‘-எஃப்ஃபாஸ்ட்-மேத்’ என்ற கம்பைலர் கொடியைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் அதைத் தொட விரும்பவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

அளவி பதிலளித்தது:

தொடங்க வேண்டிய இடம் லினக்ஸ் கெர்னலோடு வரும் ‘பெர்ஃப்’ கருவி. சி-ப்ரொஃபைல் பைத்தன் மொழிபெயர்ப்பியின் அழைப்புகளை மட்டுமே எண்ணும். கம்பைல் ஆன லூப்புக்குள் நுழைந்தபின் அதற்குக் கண் கிடையாது. பெர்ஃப் அப்படியன்று: செயலியின் எண்ணிகளை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட இடைவெளிகளில் எந்தக் கட்டளை ஓடிக்கொண்டிருக்கிறது என்று மாதிரி எடுப்பதால், அந்தக் கட்டளை எந்த மொழியிலிருந்து வந்தது என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. பொதுக் கணினிகளில் நிர்வாகி இதைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கக்கூடும். அப்படியானால் ‘பெர்ஃப் இவென்ட் பாரனாய்ட்’ என்ற கெர்னல் அமைப்பைத் தளர்த்தித் தரும்படி கேளுங்கள்.

முதலில் நீட்சியை ‘-ஜி’ கொடியோடு கம்பைல் செய்யுங்கள். ஜிசிசியில் அந்தக் கொடி பிழைதிருத்தத் தகவலைச் சேர்க்குமே தவிர, உருவாகும் கட்டளைகளை மாற்றாது; ஆகவே வேகத்தை அளக்கும்போதும் அதை விட்டுவைக்கலாம். அதன்பின் ‘பெர்ஃப் ஸ்டாட்’ கொண்டு ஒரு கடிகாரத் துடிப்புக்கு எத்தனை கட்டளைகள் நிறைவேறுகின்றன என்று பாருங்கள். இன்றைய இன்டெல் செயலிகள் துடிப்புக்கு நான்கோ அதற்கு மேலோ கட்டளைகளை முடிக்க வல்லவை. அந்த எண் 1க்கும் வெகுவாகக் கீழே இருந்தால், செயலி கணக்குப் போடவில்லை, எதற்காகவோ காத்திருக்கிறது என்று பொருள். கூடவே கேஷ் (செயலிக்குள் இருக்கும் சிறிய விரைவு நினைவகம்) தவறல்களையும் டிஎல்பி (நினைவக முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் பட்டியல்) தவறல்களையும் எண்ணச் சொல்லுங்கள். அடுத்து ‘பெர்ஃப் ரெக்கார்டு’ எடுத்து, ‘பெர்ஃப் அனோட்டேட்’ மூலம் கட்டளை வாரியாகப் பாருங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: மாதிரிகள் பெரும்பாலும் காத்திருக்க வைத்த கட்டளையின் மேல் விழாமல், அதற்கு அடுத்ததன் மேல் விழும். ஆகையால் ஒரு கூட்டலின் மேல் பெரிய சதவீதம் தெரிந்தால், அந்தக் கூட்டலைக் குற்றம் சொல்லாமல், அதற்கு முந்தைய நினைவக வாசிப்பையோ வகுத்தலையோ பாருங்கள். நிகழ்வின் பெயரோடு ‘:பிபி’ சேர்த்தால் இந்தச் சறுக்கல் குறையும். முதல் காலப்படியை அளவீட்டில் சேர்க்காதீர்கள். புதிதாகக் கேட்ட நினைவகப் பக்கங்களை இயங்குதளம் அப்போதுதான் ஒதுக்கித் தருகிறது.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே பெர்ஃப் என்ன காட்டும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஆனாலும் என் ஊகத்தை நம்பாமல் அளந்தே முடிவு செய்யுங்கள். பழைய நிரல் ஃபோர்ட்ரான் என்கிறீர்கள். ஃபோர்ட்ரானில் அணியின் முதல் சுட்டெண் மாறும்போதுதான் நினைவகத்தில் அடுத்தடுத்த இடங்களுக்குப் போகிறோம். அதனால் அங்கே முதல் சுட்டெண்ணை உள் லூப்பில் வைப்பதே முறை. நம்பை இயல்பாகத் தரும் அணியில் கடைசிச் சுட்டெண்தான் அப்படி நகர்கிறது. லூப்புகளை அதே வரிசையில் சைத்தனுக்குக் கொண்டுவந்திருந்தால், உங்கள் உள் லூப் ஒவ்வொரு அடியிலும் ஒரு முழுக் கிடைவரிசையைத் தாண்டிக் குதிக்கிறது. 4096 இரட்டைத் துல்லிய எண்கள் என்றால் ஒவ்வொரு குதிப்பும் 32,768 பைட். ஒரு கேஷ் வரி 64 பைட். அதில் எட்டு எண்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறீர்கள். அடுத்த நெடுவரிசைக்காகத் திரும்பி வருவதற்குள் அந்த வரி கேஷில் இருந்தால்தான் மற்ற ஏழும் பயன்படும்.

4096 என்ற எண் ஏன் குறிப்பாக வதைக்கிறது என்பதற்கும் இதுவே காரணம். பெரும்பாலான இன்டெல் செயலிகளில் முதல் நிலைத் தரவுக் கேஷ் 32 கேபி, எட்டு வழி, 64 கணங்கள் (வரிகள் அமரும் தொகுதிகள்) என்ற அமைப்பில் இருந்து வந்தது. ஒரு முகவரி எந்தக் கணத்தில் அமரும் என்பது 4096 பைட்டுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. 32,768 என்பது 4096இன் சரியான மடங்கு. எனவே நீங்கள் தொடும் ஒரு நெடுவரிசையின் எல்லாக் கட்டங்களும் ஒரே கணத்தில் வந்து மோதுகின்றன. எட்டு வரிகளுக்கு மேல் அங்கே இடம் இல்லை. மற்ற 63 கணங்கள் அந்த நெடுவரிசைக்குப் பயன்படாமலே கிடக்கின்றன. இரண்டாம் நிலைக் கேஷிலும் இதே நெருக்கடிதான்: 1 எம்பி, பதினாறு வழி, 1024 கணங்கள் என்று எடுத்துக்கொண்டால், இந்த இடைவெளியில் இரண்டே கணங்கள்தான் கிடைக்கின்றன. வலையை 4100 ஆக்கினால் இடைவெளி 32,800 பைட். ஒவ்வொரு கிடைவரிசைக்கும் 32 பைட் தள்ளிப்போவதால் வரிகள் 64 கணங்களிலும் பரவிவிடுகின்றன. பெரிய வலை வேகமாக ஓடுவதற்கு வேறு மாயம் எதுவும் இல்லை. இத்தோடு, ஒவ்வொரு குதிப்பும் புதிய 4 கேபி பக்கத்தில் போய் விழுவதால், முகவரி மாற்றத்துக்கான டிஎல்பியும் நிரம்பி வழிகிறது. இன்டெல்லின் ஸ்கைலேக் தலைமுறையில் அதன் இரண்டாம் நிலையில் 1536 பதிவுகள்தான் உண்டு, நீங்களோ ஒரு நெடுவரிசைக்கு, ஓர் அணியிலேயே, 4096 பக்கங்களைத் தொடுகிறீர்கள்.

அணியின் அகலத்தை மட்டும் கூட்டி இதை மூடி மறைக்க வேண்டாம். லூப்புகளை இடம் மாற்றுங்கள். அல்லது லூப்பைத் தொடாமல், அணிகளை நம்பையிலேயே ஃபோர்ட்ரான் வரிசையில் உருவாக்கி, சைத்தனில் மெமரிவியூவை (அணியின் நினைவகத்தை நேரடியாக அணுகும் மாறியை) ‘::1’ முதலில் வரும்படி அறிவியுங்கள். இதில் ஒரு நன்மை உண்டு: யாராவது சி வரிசையிலுள்ள அணியைக் கொடுத்தால், ஓசையில்லாமல் மெதுவாக ஓடுவதற்குப் பதில் உடனே பிழை எழும். எந்த வழியில் போனாலும் வெறும் ‘:, :’ என்று அறிவிக்காதீர்கள். அப்படி எழுதினால் அடுத்தடுத்த எண்கள் எட்டு பைட் இடைவெளியில் இருக்கின்றன என்ற உறுதி கம்பைலருக்குக் கிடைக்காது. உறுதி இல்லாத இடத்தில் அது நான்கு எண்களை ஒரே கட்டளையில் எடுக்கத் துணியாது.

மேலும் சைத்தனின் அமைப்புகளில் ‘பவுண்ட்ஸ்செக்’ (சுட்டெண் எல்லைச் சோதனை), ‘ராப்அரவுண்ட்’ (எதிர்மச் சுட்டெண் ஆதரவு) இரண்டையும் அணைத்து, ‘சிடிவிஷன்’ என்பதை இயக்குங்கள். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இல்லையென்றால், பைத்தனின் வழக்கப்படி ஒவ்வொரு வகுத்தலுக்கும் முன்னால் வகுஎண் சுழியமா என்ற சோதனையை சைத்தன் நுழைக்கும். லூப்பின் நடுவே வெளியேறும் பாதை ஒன்று இருந்தால் வெக்டராக்கம் (பல எண்களை ஒரே கட்டளையில் கணிப்பது) நின்றுவிடும். ‘சைத்தன் -ஏ’ தரும் பக்கத்தில் மஞ்சளாகத் தெரியும் வரிகள் இவற்றைக் காட்டிக்கொடுக்கும். அதன்பிறகும் கம்பைலர் எந்த லூப்பை ஏன் வெக்டராக்கவில்லை என்று அறிய ‘-எஃப்ஆப்ட்-இன்ஃபோ-வெக்-மிஸ்டு’ கொடுங்கள். நீட்சி எந்தக் கொடிகளோடு கம்பைல் ஆகிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். பைத்தன் எந்தக் கொடிகளோடு கட்டப்பட்டதோ அவையே உங்களுக்கும் வந்து சேரும். அது ‘-ஓ2’ என்ற மேம்படுத்தல் நிலையாக இருக்கலாம். ஜிசிசி 12 முதல் ‘-ஓ2’ நிலையிலும் வெக்டராக்கம் உண்டு என்றாலும், இரு பாயிண்டர்கள் ஒரே இடத்தைச் சுட்டுகின்றனவா என்று ஓடும்போது சோதிக்கும் லூப்புகளை அந்த நிலையில் அது உருவாக்காது. ஃபோர்ட்ரானில் இந்தச் சிக்கலே எழாது. ஒரு ஃபங்ஷனுக்குள் மாற்றப்படும் அணி மற்ற அணிகளோடு மேற்பொருந்தாது என்று மொழியே உறுதி தருகிறது. சைத்தன் உருவாக்கும் சி நிரலில் அந்த உறுதி இல்லை. ஆகவே ‘-ஓ3’ தேவை.

நிலத்தடி_நீர்:

மிக்க நன்றி. சொன்னபடியே அளந்தேன். லூப்புகளை மாற்றும் முன் துடிப்புக்கான கட்டளை எண் 1க்கு மிகக் கீழே இருந்தது. டிஎல்பி தவறல்களும் நீங்கள் சொன்னபடியே குவிந்திருந்தன. மாற்றியபின் 4096க்கும் 4100க்கும் இடையேயான வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது; பழைய ஃபோர்ட்ரான் வேகத்தையும் எட்டிவிட்டோம். இப்போது அனோட்டேட் காட்சியில் வகுத்தலை அடுத்து வரும் கட்டளைகளின் மேல் பெரும்பங்கு மாதிரிகள் விழுகின்றன. படிக்குப் படி நேரம் ஏறுவது மட்டும் அப்படியே இருக்கிறது. வகுத்தல்களை முன்கூட்டியே கணித்து வைத்துக்கொள்வது நல்லதா? கடத்துத்திறன் காலத்தோடு மாறுவதில்லை.

மிதவைப்புள்ளி பதிலளித்தது:

வகுத்தல் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. எத்தனை கோர்களில் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும். இதைக் காகிதத்திலேயே கணக்கிடலாம்.

உங்கள் ஓர் அணி 128 எம்பி. ஒரு காலப்படிக்குக் குறைந்தபட்சம் இறக்கத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும், கடத்துத்திறனை ஒருமுறை வாசிக்க வேண்டும், புதிய இறக்கத்தை ஒருமுறை எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் அந்த வரியைச் செயலி கேஷுக்குக் கொண்டுவருவதால் எழுத்து இரண்டு மடங்காகக் கணக்காகும். மொத்தம் நான்கு அணிகள், 512 எம்பி. இரட்டைத் தடத்தில் டிடிஆர்4-3200 நினைவகத்தின் உச்சக் கொள்ளளவு நொடிக்கு 51.2 ஜிபி. வகுத்துப் பார்த்தால் ஒரு படிக்கு ஏறக்குறைய 10.5 மில்லிநொடி. நடைமுறையில் உச்சத்தை எட்ட முடியாது, ஒரே கோரால் நிச்சயமாக முடியாது. ஆனாலும் கணக்கை இந்த வடிவில் வைத்திருக்கும் வரை இதற்குக் கீழே எந்தக் கம்பைலரும் உங்களைக் கொண்டுபோக முடியாது. வேகப்படுத்தும் வேலையில் இறங்குமுன் இந்த அடித்தளத்தைக் கணித்து வைத்துக்கொள்வதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். அது இல்லையென்றால் எப்போது நிறுத்த வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும்.

இப்போது வகுத்தல். ஸ்கைலேக்கில் நான்கு இரட்டைத் துல்லிய எண்களை ஒன்றாக வகுக்கும் கட்டளை எட்டுத் துடிப்புகளுக்கு ஒன்று என்ற வீதத்தில்தான் முடிகிறது. பெருக்கல் அப்படியன்று, ஒரே துடிப்பில் அத்தகைய இரண்டைத் தொடங்கலாம். கட்டத்துக்கு நான்கு வகுத்தல்கள் என்றால் கட்டத்துக்கு எட்டுத் துடிப்புகள். 1,67,77,216 கட்டங்களுக்கு ஏறக்குறைய 13.4 கோடித் துடிப்புகள். 4 கிகாஹெர்ட்ஸ் என்று கொண்டால் 33.6 மில்லிநொடி. அதாவது ஒரே கோரில் உங்களைக் கட்டிப்போடுவது வகுத்தல்தான். அனோட்டேட் சொன்னது சரியே.

முகக் கடத்துத்திறன்களை முன்பே கணித்து இரண்டு அணிகளில், கிடைத்திசைக்கு ஒன்றும் நெடுந்திசைக்கு ஒன்றுமாக, வைத்துக்கொண்டால் வகுத்தல் முற்றிலும் மறைகிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் மோட்ஃப்ளோவும் கட்டங்களுக்கிடையேயான கடத்தலை இப்படி அணிகளில் சேமித்தே பயன்படுத்துகிறது. ஆனால் ஒரு கடத்துத்திறன் அணிக்குப் பதில் இப்போது இரண்டை வாசிக்கிறீர்கள், நான்கு அணிகள் ஐந்தாகின்றன, 512 எம்பி 640 எம்பி ஆகிறது, அடித்தளம் 13.1 மில்லிநொடிக்கு உயர்கிறது. ஒரு கோரில் 33.6 எங்கே, 13.1 எங்கே, தயங்காமல் முன்கணித்து வையுங்கள். எட்டுக் கோர்களில் ஓட்டினால் நிலை வேறு. வகுத்தல் வேலை எட்டாகப் பிரிந்து 4.2 மில்லிநொடி ஆகிவிடுகிறது, நினைவகமோ எல்லாக் கோர்களுக்கும் பொது. அப்போது வகுத்தல்கள் நினைவகத்துக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குள்ளேயே மறைந்துவிடும். முன்கணித்த அணி கூடுதல் சுமையாக மட்டுமே நிற்கும். அந்த நிலையில் வகுத்தலை அப்படியே விட்டுவைப்பது நல்லது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. கடத்துத்திறன் என்பது களத்தில் இறைப்புச் சோதனைகளிலிருந்து ஊகித்துப் பெறும் மதிப்பு. அதற்குப் பதினைந்து இலக்கத் துல்லியம் பொருளற்றது. முகக் கடத்துத்திறன்களை ஒற்றைத் துல்லியத்தில் சேமித்து, வாசித்த பின் இரட்டைத் துல்லியத்துக்கு மாற்றிப் பெருக்கினால், இரண்டு அணிகளும் சேர்ந்து 128 எம்பிதான். வகுத்தலும் இல்லை, கூடுதல் சுமையும் இல்லை. நீர்மட்டத்தை மட்டும் இரட்டைத் துல்லியத்திலேயே வைத்திருங்கள், ஏனெனில் அங்கே சிறு மாற்றங்கள் பல்லாயிரம் படிகளில் சேர்கின்றன. என்னைக் கேட்டால் நான் இந்த வழியையே எடுப்பேன்.

எண்முறை_வாசகர் பதிலளித்தது:

நேரம் ஏறுவதைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை; இந்த இழையில் எனக்கு மிகவும் சுவையான பகுதி அதுதான். காரணம் பெரும்பாலும் சப்நார்மல் எண்கள்.

இறக்கம் எங்கும் சுழியமாகத் தொடங்குகிறது என்கிறீர்கள். இத்தகைய வெளிப்படை முறையில் கிணற்றின் பாதிப்பு ஒரு படிக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் வெளியே நகர்கிறது. ஒவ்வொரு நகர்விலும் அலையின் முன்விளிம்பு ஒரு சிறு கெழுவால் பெருக்கப்படுகிறது. கெழு 0.2 என்று வைத்தால், n படிகளுக்குப் பின் விளிம்பிலுள்ள மதிப்பு 0.2இன் n-ஆம் அடுக்கு அளவில் இருக்கும். ஏறக்குறைய 440 படிகளில் அது 10இன் மைனஸ் 308-ஆம் அடுக்கைத் தொடுகிறது. இரட்டைத் துல்லியத்தின் இயல்பான எண்கள் அங்கே முடிகின்றன. அதற்குக் கீழே, 4.9×10⁻³²⁴ வரை, இலக்கங்களை ஒவ்வொன்றாக இழந்துகொண்டே போகும் சப்நார்மல் எண்கள் இருக்கின்றன. அதற்கும் கீழே சுழியம். பல இன்டெல் செயலிகள் சப்நார்மல் எண் வந்த கணக்கை வன்பொருளின் விரைவுப் பாதையில் முடிக்காமல், செயலிக்குள்ளேயே இருக்கும் மெதுவான உள்நிரலான மைக்ரோகோடுக்கு அனுப்புகின்றன. அப்படிப்பட்ட ஒரு கணக்கு நூற்றுக்கும் மேற்பட்ட துடிப்புகளை விழுங்கும். சில நூறு படிகளுக்குப் பிறகு ஏற்றம் தொடங்குகிறது என்று நீங்கள் எழுதியது இத்துடன் பொருந்துகிறது.

அந்தச் சிறு எண்கள் கிணற்றைச் சுற்றி ஒரு மெல்லிய வளையமாக அமைகின்றன. விளிம்பு விரிய விரிய வளையத்தின் சுற்றளவும் விரிகிறது. அதனால்தான் நேரம் திடீரென்று தாவாமல் மெல்ல ஏறுகிறது. வளையத்தின் கட்டங்கள் வலையின் பக்க நீளத்தோடு வளர்கின்றன, மொத்தக் கட்டங்களோ அதன் இருபடியோடு வளர்கின்றன. எனவே சிறிய வலையில் வளையத்தின் பங்கு பெரிது. அங்கே ஏற்றம் கூடுதலாகத் தெரிவதும் இதனாலேயே. உறுதிப்படுத்திக்கொள்ள, பெர்ஃபில் மிதவைப் புள்ளி அசிஸ்ட் நிகழ்வை (இப்படி மைக்ரோகோடின் உதவி தேவைப்பட்ட தருணங்களை) எண்ணுங்கள். அல்லது ஒரு படியின் முடிவில் சுழியம் அல்லாத, 2.2×10⁻³⁰⁸ஐவிடச் சிறிய மதிப்புகள் எத்தனை என்று நம்பையில் ஒரே வரியில் எண்ணிப் பாருங்கள்.

இதற்கு ‘-எஃப்ஃபாஸ்ட்-மேத்’ ஒரு மருந்தாகத் தோன்றும், ஏனென்றால் அது சப்நார்மல்களைச் சுழியமாக்கும் செயலி அமைப்பையும் இயக்கி வைக்கக்கூடியது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். ஜிசிசி 12 வரை, இந்தக் கொடியோடு இணைக்கப்பட்ட பகிர் நூலகம் ஏற்றப்படும்போதே அந்த அமைப்பை மாற்றிவிடும்; அது உங்கள் நீட்சியோடு நிற்காமல், ஏற்றிய திரெட்டில் ஓடும் நம்பை, சைப்பை எல்லாவற்றின் கணக்குகளையும் பாதிக்கும். நம்பையில் மிகச்சிறிய சப்நார்மல் மதிப்பு சுழியம் என்று ஓர் எச்சரிக்கை வருவதை நீங்கள் பார்த்திருக்கலாம். எங்கோ ஒரு நூலகம் இப்படிச் செய்திருப்பதுதான் அதற்குக் காரணம். ஜிசிசி 13இல் பகிர் நூலகங்களுக்கு இந்த நடத்தையை நீக்கிவிட்டார்கள். அதாவது புதிய கம்பைலரில் அந்தக் கொடி இந்தக் குறையைத் தீர்க்கவும் தீர்க்காது. இன்னொரு ஆபத்து உங்கள் துறைக்கே உரியது. நீரோட்டம் இல்லாத கட்டங்களைக் குறிக்க நான் பார்த்த நிரல்கள் பலவும் ‘எண் அல்ல’ என்று பொருள்படும் NaN மதிப்பைப் பயன்படுத்துகின்றன. ஃபாஸ்ட்-மேத்துக்குள் அடங்கிய கொடிகளில் ஒன்று, NaN மதிப்பே நிரலில் வராது என்று கம்பைலருக்குச் சொல்கிறது. அதை நம்பி உங்கள் சோதனைகளை அது அப்படியே நீக்கிவிட உரிமை பெறுகிறது.

கொடி எதுவுமே இல்லாத தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது. இறக்கத்தைச் சேமிக்காமல் நீர்மட்டத்தையே சேமியுங்கள். தொடக்க மட்டம் 100 மீட்டர் என்றால், 10⁻³⁰⁰ மீட்டர் மாற்றம் கூட்டலிலேயே கரைந்துபோகும். சப்நார்மல் பிறக்க வழியே இல்லை. 100ஐ ஒட்டி இரட்டைத் துல்லியம் ஏறக்குறைய 10⁻¹⁴ மீட்டர் வரை பிரித்துக் காட்டும். எந்தக் கிணற்றிலும் அதற்கு மேல் அளக்கப்போவதில்லை.

குவிதல் சோதனைக்காக மொத்த மாற்றத்தை அதே உள் லூப்பில் ஒரு மாறியில் கூட்டிக்கொண்டு வருகிறீர்களா என்றும் பாருங்கள். மிதவைப் புள்ளிக் கூட்டலில் அடைப்புகளை மாற்றிப் போட்டால் விடை மாறும் என்பதால், உங்கள் அனுமதியின்றி அந்தக் கூட்டலைக் கம்பைலர் வெக்டராக்காது. அந்த ஒரு வரி முழு லூப்பையும் பின்னுக்கு இழுக்கும். அதை லூப்பிலிருந்து எடுத்துவிட்டு, பல படிகளுக்கு ஒருமுறை நம்பையின் கூட்டல் ஃபங்ஷனைக் கொண்டு செய்யுங்கள். தொடர்ச்சியான அணிகளில் அது இணை இணையாகப் பிரித்துக் கூட்டுவதால் துல்லியமும் கூடுதலாகவே கிடைக்கும்.

நிலத்தடி_நீர்:

நீர்மட்டமாக மாற்றியதும் ஏற்றம் நின்றுவிட்டது. எண்ணிப் பார்த்ததில் சப்நார்மல் ஒன்றுகூட இல்லை. ஒற்றைத் துல்லிய முகக் கடத்துத்திறனையும் சேர்த்துவிட்டேன். அடுத்து சைத்தனின் இணை லூப்பான பிரேஞ்சைப் பயன்படுத்தி எங்கள் கிளஸ்டரில் பல கோர்களில் ஓட்டப் போகிறேன். கவனிக்க வேண்டியவை உண்டா?

அளவி:

மூன்று சொல்கிறேன்.

இரண்டு சாக்கெட் (தனித்தனி நினைவகத்தோடு இரண்டு செயலிகள்) உள்ள கணினியானால், ஒரு நினைவகப் பக்கத்தை முதலில் எழுதும் திரெட் எந்தச் சாக்கெட்டில் இருக்கிறதோ அங்கேதான் லினக்ஸ் இயல்பாக அந்தப் பக்கத்தை வைக்கும். தொடக்க நீர்மட்டத்தை நம்பையில் ஒரே வரியில் நிரப்பினால் எல்லாப் பக்கங்களும் ஒரே சாக்கெட்டிலேயே குவிந்து, மற்றச் சாக்கெட்டின் கோர்கள் எப்போதும் எட்டத்திலிருந்தே வாசிக்க வேண்டியிருக்கும். காலியான அணியை வாங்கி, கணக்கு நடக்கும் அதே பிரேஞ்ச் பிரிவினையில், ஸ்டாடிக் ஒழுங்கில், முதல் நிரப்பலையும் செய்யுங்கள். கோர்களைக் கூட்டிக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் வேகம் ஏறாமல் நின்றால் அது பிழையன்று. மேலே மிதவைப்புள்ளி கணித்த நினைவக அடித்தளத்தை நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

கம்பைல் செய்யும் கணினியும் ஓடும் கணினியும் வேறாக இருந்தால் ‘-மார்ச்=நேட்டிவ்’ கொடுக்காதீர்கள். உள்நுழைவுக் கணினியில் ஏவிஎக்ஸ்-512 என்ற வெக்டர் கட்டளைகள் இருந்து, கணக்குக் கணினிகளில் அது இல்லையென்றால், நிரல் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று விழும். ஜிசிசி 11 முதல் ‘எக்ஸ்86-64-வி3’ என்ற பொதுநிலையைத் தரலாம். ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ (பெருக்கலையும் கூட்டலையும் ஒன்றாகச் செய்யும் கட்டளை) இரண்டும் அதில் அடங்கும்.

அந்த நிலைக்குப் போனதும் விடைகளின் கடைசி இலக்கங்கள் பழைய ஃபோர்ட்ரானிலிருந்து விலகும். பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக்கி ஒருமுறை மட்டும் முழுமைப்படுத்துவது ஜிசிசியின் இயல்பு. அது இரண்டுமுறை முழுமைப்படுத்திய விடையோடு பிட்டுக்குப் பிட்டு ஒத்துப்போகாது. ஆகவே லூப் மாற்றங்கள் சரிதானா என்று சரிபார்க்கும் ஓட்டங்களில் மட்டும், இரண்டு நிரல்களையும் ‘-எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்’ கொடுத்துக் கம்பைல் செய்து ஒப்பிடுங்கள். அந்த ஓட்டத்தில் கடத்துத்திறனை இரட்டைத் துல்லியத்துக்குத் திருப்பி, நீர்மட்டத்தைச் சேமிக்கும் மாற்றத்தைப் பழைய நிரலிலும் செய்துகொள்ளுங்கள். கோவைகளின் கூட்டல் வரிசையையும் பழைய நிரலில் உள்ளபடியே வைத்திருங்கள். அதன்பின்னும் வேறுபாடு தெரிந்தால், அது துல்லியச் சிக்கலாக இருக்க வாய்ப்புக் குறைவு. சுட்டெண்களில் தேடுங்கள், குறிப்பாக எல்லைக் கட்டங்களில்.